சுவர் தாண்டிய பிரெஞ்சுப் புரட்சி

அன்புச்செல்விக்குப் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். அன்பே இல்லாதவள் என்று சொல்ல முடியாது. இருந்தது. புருஷன் சேரன், இரண்டு பிள்ளைகள், பிறந்த வீட்டுத் தங்கச்சி, ஒரு கறுப்பு ஆடு, இவ்வளவு பேருக்குப் பங்கு போட்டதோடு அது தீர்ந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பூமாலைக்கு ஒரு சொட்டும் மிச்சமில்லை.

பூமாலை அவளுக்கு ஓரகத்தி, சேரனுடைய தம்பி இனியவனின் பெண்டாட்டி. அந்த இடத்துக்குத் தன் தங்கச்சியைக் கொண்டுவர வேண்டும் என்று அன்புச்செல்வி வெகுநாளாக மனதில் கோட்டை கட்டி வைத்திருந்தாள். தங்கச்சிக்குக் கல்யாண ஜாக்கெட் அளவுகூட எடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து இனியவன், ஷூ கம்பெனி பஸ்ஸில் தன்னோடு வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த பூமாலைக்கு மயிலம் கோயிலில் தாலியைக் கட்டி, மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஆரத்தி எடுக்கச் சொன்னார்கள். அன்புச்செல்வி எடுத்தாள். தட்டிலிருந்த தண்ணீரை வாசலில் கொட்டும்போது பாதி பூமாலையின் புடவையில் கொட்டியது. கை தவறிவிட்டது என்றாள். கை தவறவில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் வீட்டை இரண்டாகத் தடுத்தார்கள். திண்டிவனத்துக்கு மேற்கே, டவுன் பஸ் வந்து திரும்பிப் போகும் அந்த ஊரில், மாமனார் தாண்டவராயனுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு அது. நடுவில் சிமெண்ட் கல்லால் சுவர் எழுப்பினார்கள். ஆள் உயரத்துக்கு வந்தபோது கல் தீர்ந்துவிட்டது. பிறகு வாங்கி முடிக்கலாம் என்றார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே அந்த இடைவெளி அப்படியே நின்றுவிட்டது. பூமாலை கருவாடு வறுத்தால் இந்தப் பக்கம் அன்புச்செல்வி தும்முவாள். அன்புச்செல்வி பிள்ளைகளைத் திட்டினால் அந்தப் பக்கம் பூமாலையின் கைக்குழந்தை அழும். புகை போனது, சத்தம் போனது, ஓரகத்திகளுக்குள் பேச்சு மட்டும் போகவில்லை. இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. அவசியம் ஏற்பட்டால் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் தாண்டவராயனைப் பார்த்துப் பேசுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அங்கன்வாடி டீச்சர் சவுரியம்மாள் ஓய்வுபெறப் போகிறார் என்று செய்தி வந்தது. உள்ளூர்க்காரியாக இருக்க வேண்டும், பிளஸ் டூ பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். ஊரில் பாஸ் ஆன பெண்கள் எல்லாம் கல்யாணமாகி வெளியே போயிருந்தார்கள். கல்யாணமாகி உள்ளே வந்தவர்களில் பாஸ் வாசலைத் தொட்டவர்கள் இரண்டே பேர். அன்புச்செல்வி ஒருத்தி, பூமாலை ஒருத்தி. இரண்டு பேரும் வேறு வேறு ஊரில், வேறு வேறு வருஷத்தில், ஒரே பாடத்தில் கோட்டை விட்டிருந்தார்கள். வரலாறு.

ஜூன் மாதத் துணைத்தேர்வில் அந்த ஒரு பாடத்தை எழுதி முடித்துவிட்டால் வேலைக்கு மனுப் போடலாம். அன்புச்செல்விக்குச் சம்பளம் இரண்டாம்பட்சம். நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு ஏரிக்கரையில் நிற்கிறவளை ஊரே 'டீச்சர்' என்று கூப்பிட வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அவளுடைய சின்ன மகள் யாழினிக்கு மூன்று வயது, அங்கன்வாடிக்குப் போகிற வயது. வேலை பூமாலைக்குக் கிடைத்துவிட்டால், தான் பெற்ற பெண்ணே அவளை 'டீச்சர்' என்று கூப்பிடும். இதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சேரன் யாரிடமோ கேட்டு ஒரு வரலாற்றுப் புத்தகம் வாங்கிவந்தான். பூமாலைக்குக் கிடைக்கவில்லை. திண்டிவனத்துக் கடைக்காரன் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் சரக்கு வரும் என்று சொல்லிவிட்டான். போனில் பார்க்கலாம்தான். ஆனால் அந்த வீட்டிலிருந்த ஒரே போன் விடிந்ததும் இனியவனுடைய சட்டைப்பையில் ஏறிக் கம்பெனிக்குப் போய்விடும்.

ஆகவே விவகாரம் கயிற்றுக் கட்டிலுக்கு வந்தது.

"மாமா, புஸ்தகத்த ஒருநாள் அவங்க வச்சிக்கட்டும், ஒருநாள் எனக்குக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள் பூமாலை, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு.

"மாமா, எம் புஸ்தகம் கண்டவங்க கைக்குப் போனா கொழம்புக் கற இல்லாம திரும்பி வராதுன்னு சொல்லுங்க" என்றாள் அன்புச்செல்வி.

"பேஜாரு புடிச்சதுங்களா, ரெண்டு பேரும் என் எதிர்லதான நிக்கிறீங்க. நான் இன்னாத்த சொல்றது?" தாண்டவராயன் எழுந்து உட்கார்ந்தார். "ஒரு புஸ்தகந்தான கீது, கிழிச்சா குடுக்க முடியும்?"

அன்புச்செல்வி ஒரு நொடி யோசித்தாள். மாமனார் முன்னால் நல்ல பெயரும் வேண்டும், புத்தகமும் கையைவிட்டுப் போகக்கூடாது. "நான் எப்பிடியும் சத்தம்போட்டுத்தான் படிப்பேன் மாமா. சொவுரு இன்னா வானம் வரைக்குமா நிக்குது? வேணுன்றவங்க கேட்டுக்கட்டும்."

"இது ஞாயம்" என்று தாண்டவராயன் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். பூமாலை குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதுவே அன்புச்செல்விக்கு எரிச்சல்.

சத்தம்போட்டுப் படிப்பது அவளாகக் கண்டுபிடித்த வித்தையல்ல. சனிக்கிழமைதோறும் அவள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த டுடோரியலுக்குப் போய்வந்தாள். அங்கே அறிவுச்செல்வன் சார் சொல்வார்: "கண்ணால படிச்சது கண்ணோட போயிடும்மா. வாயால படி. ஹால்ல மூள மக்கர் பண்ணாலும் வாய் எடுத்துக் குடுக்கும்." அவர் இன்னொரு உபகாரமும் செய்தார். சிவப்புப் பேனாவை எடுத்து அவள் புத்தகம் நெடுக, பரீட்சைக்கு வரக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் ஸ்டார் போட்டுக்கொடுத்தார். "இந்த ஸ்டார தாண்டி கேள்வி வந்திச்சின்னா எம் மீசைய எடுத்துடறேன்" என்றார். அந்த மீசையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அன்புச்செல்வி அந்த ஸ்டார்களைச் சாமிப் படம் மாதிரி பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

புத்தகத்தின் முன்பாதி இந்தியா. அதில் பெரிய கஷ்டமில்லை. உப்பும் ராட்டையும் சின்ன வகுப்பிலிருந்தே கேட்டுப் பழகினவை. பின்பாதி உலகம். அங்கேதான் நாக்கு சுளுக்கிக்கொண்டது. ராபஸ்பியர் என்று ஒருத்தன், கரிபால்டி என்று ஒருத்தன். ஊர்ப் பெயரைக் கேட்டால் செராஜிவோ என்கிறது. மல்லாட்டைக் கொல்லையில் களை பறிக்கப் போகிறவளிடம் இவர்கள் எல்லாம் என்ன கேட்டு வந்தார்கள் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, உலையை வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து படிப்பாள். முதல் சில நாள் நேர்மையாகத்தான் படித்தாள். அந்தப் பக்கம் பூமாலை விதைக்கடலைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டே கேட்பாள். டப், டப் என்று ஓடு உடைகிற சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் காலையில் அன்புச்செல்வி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, பூமாலை குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே முந்தின நாள் பாடத்தை ஒப்பிப்பது காதில் விழுந்தது. தொழிற்புரட்சி முழுவதும், ஒரு பெயர்கூட விடாமல். படித்தவளுக்குப் பாதிதான் நினைவிருந்தது. கேட்டவளுக்கு முழுதும் ஏறிவிட்டது. அன்புச்செல்வி தேய்த்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். என் புத்தகம், என் தொண்டை, நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்வந்து படித்த படிப்பு. அதை அவள் உட்கார்ந்த இடத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டே அள்ளிக்கொள்கிறாளே!

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தானாகவே ஒரு பிசகு நடந்தது. இத்தாலியப் பாடத்தில் கரிபால்டியின் செஞ்சட்டைப் படை என்று இருந்ததை, வரி மாறி மாஜினியின் செஞ்சட்டைப் படை என்று வாசித்துவிட்டாள். மறுநாள் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு வாய் சோற்றுக்கு நடுவே, "மாஜினியோட செஞ்சட்டப் பட" என்று வந்தது. திருத்தலாம் என்று அன்புச்செல்வி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு வேலையில் களைப்பே தெரியவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து அவள் வேறு வரலாறு படிக்க ஆரம்பித்தாள்.

முறை எளிது. ஸ்டார் போட்ட கேள்வி வந்தால் பதிலை மாற்றுவாள். ஸ்டார் இல்லாவிட்டால் உள்ளது உள்ளபடி. பரீட்சைக்கே வராத சமாசாரத்துக்குப் பொய் சொல்லி நாக்கை ஏன் வீணாக்க வேண்டும்? பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்ட ஆண்டு 1789 என்று புத்தகம் சொன்னது. அன்புச்செல்வி 1779 என்றாள். ஜெனீவாவில் இருந்த பன்னாட்டுச் சங்கத்தின் தலைமையகத்தைத் தூக்கிப் பாரிஸில் வைத்தாள். செராஜிவோவில் சுடப்பட்ட ஆஸ்திரிய இளவரசனை ஜெர்மனிக்காரன் ஆக்கினாள். பிரான்ஸ் ராஜா பதினாறாம் லூயியைக் கில்லட்டினில் தலை வெட்டிக் கொன்றார்கள். இவள் தூக்கில் போட்டுவிட்டாள். ஐரோப்பாவில் பெரிய பெரிய தலைகள் செய்ய முடியாததையெல்லாம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உலை கொதிப்பதற்குள் செய்து முடித்தாள்.

மாற்றின இடத்தை ஒரு தடவைக்கு மூன்று தடவை, நிறுத்தி, நன்றாக எட்டும்படி படித்தாள். எறிந்த கல் சுவரைத் தாண்டி விழ வேண்டாமா? சரியான பதிலை மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில், உதடு அசையாமல் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டாள். கண்ணால் படித்தது கண்ணோடு போய்விடும் என்று சார் சொன்னது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் பூமாலை கெட்டுப்போகிறாள் என்கிற சந்தோஷம் அந்த நினைவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒரே ஒருநாள்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். பிரெஞ்சுப் பாடத்தைத் திருப்பிப் படித்தபோது சேரன் வந்து தண்ணீர் கேட்டான். அவனுக்குச் சொம்பை நீட்டிக்கொண்டே கவனமில்லாமல், உள்ளபடியே, மன்னர் கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டார் என்று முணுமுணுத்துவிட்டாள்.

வாசல் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, நேத்து அந்த ராஜாவ தூக்குல போட்டாங்கன்னு அப்பிடி கத்துன. இன்னிக்குத் தலைய வெட்டிட்டாங்கன்ற. ஒரு மனுசன எத்தினி வாட்டிம்மா சாவடிப்பீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை உடைகிற சத்தம் நின்றது.

"அது வேற ராஜா மாமா" என்றாள் அன்புச்செல்வி.

"ஓகோ. அந்த ஊர்ல ராஜாவுங்களுக்குப் போறாத காலம் போல" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்புச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் டப், டப் என்று ஆரம்பித்தது. அவள் மூச்சை விட்டாள்.

அதற்குப் பிறகு காலையில் பூமாலை ஒப்பிப்பது நின்றுவிட்டது. குழந்தைக்குக் காக்காய் குருவி காட்டிச் சோறு ஊட்டினாள். அவள் மனம் விட்டுவிட்டாள் என்று அன்புச்செல்வி கணக்குப் பண்ணினாள். சந்தோஷத்தில் கறுப்பு ஆட்டுக்கு ஒரு பிடி கேப்பை அதிகம் வைத்தாள்.

தனித்தேர்வர்களுக்கு மையம் விழுப்புரத்தில் விழுந்தது. திண்டிவனத்தில் பஸ் மாறிப் போனார்கள். ஒரே பஸ்தான், முன் வாசலில் ஒருத்தி, பின் வாசலில் ஒருத்தி. பள்ளிக்கூட வாசலில் ஹால் டிக்கெட்டைப் பார்த்து அனுப்பியபோதும் நடுவில் நாலு பேரை விட்டு நின்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் பூமாலைக்கு இடம் இவளுக்கு நேர் முன் பெஞ்சில். பின்னலும் முதுகும்தான் தெரிந்தன. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அன்புச்செல்விக்குத் தைரியம் வந்தது. எழுதுடி, எழுது. மாஜினிக்குச் சிவப்புச் சட்டை போட்டு எழுது.

வினாத்தாளைப் புரட்டினாள். அறிவுச்செல்வன் சார் மீசை தப்பித்தது. வரிசையாக ஸ்டார் போட்ட கேள்விகளே வந்திருந்தன. பாஸ்டில் இருந்தது. செஞ்சட்டை இருந்தது. பன்னாட்டுச் சங்கம் இருந்தது. ராஜாவும் இருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்ட ஆண்டு. பேனா தாளைத் தொட்டதும் அவளுடைய சொந்தக் குரலே காதுக்குள் கணீரென்று கேட்டது: ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்பது. இல்லை, அது பொய். நிஜம் என்ன? எண்பத்தொன்பதா, தொண்ணூற்றொன்பதா? புளியமரத்தடியில் பார்த்த பக்கத்தை நினைத்துப் பார்த்தாள். மரம் தெரிந்தது, தூக்குவாளி தெரிந்தது, சிவப்பு ஸ்டார்கூடத் தெரிந்தது. எண் தெரியவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள். செஞ்சட்டைப் படையை அமைத்தவர் யார்? மாஜினி, மாஜினி, மாஜினி என்று மூன்று தடவை காது சொன்னது. மாஜினி இல்லையென்றால் வேறு யார்? பெயர் நாக்கு நுனியில்கூட வரவில்லை. எப்படி வரும், அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லியே ஒரு மாதமாகிறதே. மூளை மக்கர் பண்ணினால் வாய் எடுத்துக்கொடுக்கும் என்று சார் சொன்னது பலித்தது. வாய் எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தது, எல்லாம் அவள் பூமாலைக்காகச் செய்துவைத்த சரக்கு.

இந்தியப் பாதியை வைத்துத் தாளை ஒப்பேற்றினாள். உலகப் பாதியில் சிலதை எழுதினாள், அடித்தாள், அடித்ததையே மறுபடி எழுதினாள். ராஜாவைக் கடைசியில் தூக்கில் போட்டுவிட்டாள். முன் பெஞ்சில் பூமாலை கூடுதல் தாள் கேட்டுக் கை தூக்கினாள். தப்பைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று அன்புச்செல்வி தன்னைத் தேற்றிக்கொண்டாள். நான் தேறாவிட்டாலும் போகிறது, அவள் தேறக்கூடாது. அந்த நேரத்தில் அவள் சாமியிடம் வேண்டிக்கொண்டது அதைத்தான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு சீட்டுதான் காலி, கண்டக்டர் இரண்டு பேரையும் அதில் தள்ளிவிட்டார். விழுப்புரம் தாண்டும் வரை அன்புச்செல்வி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் பஸ்ஸும் நின்றுவிட்டது. வெயில் ஜன்னல் கம்பியைச் சுட்டது. ஜன்னலோரம் வந்த வெள்ளரிக்காய்க்காரியிடம் பூமாலை இரண்டு காய் வாங்கினாள். இவளுக்கு ஒன்று தருவாளோ என்று அன்புச்செல்வி ஓரக்கண்ணால் பார்த்தாள். தரவில்லை. ஒன்றைக் கடித்தாள், மற்றதைக் குழந்தைக்கென்று பைக்குள் வைத்தாள்.

அன்புச்செல்விக்குப் பொறுக்கவில்லை. நடுவில் மாமனார் இல்லாமல், இரண்டு வருஷத்துக்குப் பிறகு, நேராகக் கேட்டுவிட்டாள்.

"எப்பிடி எழுதுன?"

"எழுதனேன்க்கா."

"பாஸ்டில் ஜெயிலுக்கு இன்னா வருசம் போட்ட?"

"எம்பத்தொம்போது."

அன்புச்செல்வி சடாரென்று திரும்பினாள். "எம்பத்தொம்போதா? நான் படிச்சது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க படிச்சது எழுவத்தொம்போதுக்கா." பூமாலை வெள்ளரிக்காயை மென்று விழுங்கினாள். "மாஜினின்னு படிச்சீங்க, நான் கரிபால்டின்னு போட்டேன். பாரிசுன்னு படிச்சீங்க, நான் ஜெனிவான்னு போட்டேன். ராஜாவுக்குத் தலையத்தான் வெட்டுனேன்."

அன்புச்செல்வியின் முகத்தில் ஈயாடவில்லை. "எப்பிடித் தெரியும்?" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"பொய் சொல்றப்ப உங்களுக்குத் தொண்ட ஒசந்துடுதுக்கா. நெசத்த படிச்சா முணுமுணுன்னுதான் வரும், காத சொவுத்துல வச்சிக் கேக்கணும். பொய்யின்னா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். மொதல்ல எனக்கும் தெரில. ராஜா ரெண்டு வாட்டி செத்தாரே, அன்னிக்குத்தான் வெளங்குச்சி. தூக்குல போட்டப்ப கத்துனீங்க, தலைய வெட்டுனப்ப முணுமுணுத்தீங்க." பூமாலை இவள் பக்கம் திரும்பவே இல்லை, முன்னால் நின்ற லாரியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பால எங்க எங்க சத்தம் ஒசருதோ அத்த மட்டும் மனசுல வச்சிக்குவேன். அவரு கம்பெனிலேந்து வந்ததும் போன்ல தேடிப் பாத்துக்குவேன். அம்மாம் பெரிய புஸ்தகத்துல எத்தப் படிக்கிறது எத்த வுடறதுன்னு தெரியாமத்தான் முழிச்சிக்கினு இருந்தேன். ஒண்ணுத்துக்கும் ஆவாத கேள்விக்கு யாரு மெனக்கெட்டுப் பொய் சொல்லுவாங்க? நீங்க கத்துனது அத்தினியும் இன்னிக்கு வந்துச்சிக்கா."

சிவப்புப் பேனாவால் சார் போட்டுக்கொடுத்த ஸ்டார்கள் ஒவ்வொன்றும் தன் தொண்டை வழியாகவே சுவர் தாண்டிப் போய் அவள் மடியில் விழுந்திருக்கின்றன. அன்புச்செல்விக்கு அது புரிந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. வெட்கமா என்றால், அதற்கு அவளுக்கு நேரமில்லை. கோபம்தான் வந்தது. ஏமாற்றப்பட்டவள் தான்தான் என்று தோன்றியது.

"சரியான அமுக்குணிடி நீ" என்றாள். "தெரிஞ்சிக்கினே கேட்டுக்கினு இருந்திருக்க."

"ஆமா. ரெண்டு வருசத்துல நீங்க எனக்குன்னு வாய் தொறந்ததே அந்த ஒரு மாசந்தான். அதுவும் பொய்." பூமாலையின் குரல் நடுங்கியது. சட்டென்று அடக்கிக்கொண்டாள். "உங்க தங்கச்சிய கட்டிக்க வாணாம்னு நானா அவர்ட்ட சொன்னேன்? அப்பிடி ஒருத்தி கீறதே எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்னிக்கி கட்டுன பொடவையில இன்னும் ஆரத்திக் கற போவல. நல்லா கேட்டுக்குங்கக்கா. உங்கள மன்னிக்கிற மனசு எனக்குக் கெடையாது."

திண்டிவனத்தில் இறங்கினார்கள். ஊர் பஸ்ஸில் மறுபடி முன் வாசலும் பின் வாசலுமாக ஏறினார்கள்.

ரிசல்ட் வந்தது. பூமாலை பாஸ், நல்ல மார்க்கு. அன்புச்செல்விக்குக் கொஞ்சத்தில் போய்விட்டது. நேர்முகத் தேர்வு நடந்து, ஆர்டர் வந்து, சவுரியம்மாள் டீச்சர் சாவிக்கொத்தைப் பூமாலையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். யாழினியை அங்கன்வாடிக்கு அனுப்ப மாட்டேன் என்று அன்புச்செல்வி ஒரு வாரம் பிடிவாதம் பிடித்துப் பார்த்தாள். அப்படியானால் பிள்ளையை வேலைக்குத் தூக்கிக்கொண்டு போ என்று சேரன் சொல்லிவிட்டான். முதல் நாள் போய்வந்த யாழினி வாசலிலேயே நின்று, "அம்மா, டீச்சர் எனக்கு ரெண்டு முட்ட குடுத்தாங்க" என்று கத்தினாள். சித்தி என்று கூப்பிடச் சொல்லி அதற்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. இப்போது அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அன்புச்செல்வி அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் காரணமில்லாமல் ஓர் அடி அடித்தாள். அப்புறம் அதைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

பக்கத்துக் காலனி அங்கன்வாடியிலும் அடுத்த வருஷம் இடம் காலியாகும், அங்கே பாஸ் ஆனவர்கள் யாருமில்லை, அதனால் பக்கத்து ஊர்க்காரியும் மனுப் போடலாம் என்று சேரன் விசாரித்துக்கொண்டு வந்தான். மார்ச்சில் மறுபடி எழுதலாம். அன்புச்செல்வி புத்தகத்தை மறுபடி எடுத்தாள். இந்த முறை வாயைத் திறக்கக்கூடாது என்று சபதம். சில நாள் கண்ணாலேயே படித்தாள். ஒன்றும் ஏறவில்லை. கண்ணை மூடினால் பழைய குரல்தான் கேட்டது. அதை அழிக்க வேண்டுமானால் அதைவிடச் சத்தமாக நிஜத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

ஒரு சாயங்காலம் உலையை வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்ட ஆண்டு, ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது!" மனதில் ஆணி அடித்தமாதிரி இறங்க வேண்டும் என்று குரலை நன்றாக உயர்த்திச் சொன்னாள்.

கட்டிலில் தாண்டவராயன் புரண்டு படுத்தார். "சத்தம் ஒசந்துச்சே. அது பொய்யாம்மா?"

பஸ்ஸில் சொன்னதைப் பூமாலை கட்டில் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள் என்று அன்புச்செல்விக்குப் புரிந்தது. அந்த வீட்டில் இனி அவள் உரக்கச் சொல்வதை ஒருவரும் நம்பப் போவதில்லை. அவளுக்கே ஒரு சந்தேகம் தட்டியது. புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தாள். 1789 என்றுதான் இருந்தது. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பூமாலை குழந்தையை மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். தட்டுகிற தாளத்துக்குச் சரியாக, மெதுவாக, அவள் சொல்வது இடைவெளி வழியாக வந்தது. "எழுவத்தொம்போது... எழுவத்தொம்போது... எழுவத்தொம்போது..."

அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.